துருசடியில் மூன்று சைக்கிள்

நீங்கள் கேட்ட கதையில் ஒரு விறகுவெட்டி வருவான்.
இதில் அவன் இல்லை.
ஒட்டுசுட்டானில் இருந்து காட்டுப்பக்கம் திரும்பினால்
வீரையடிக்குளம். அதன் கட்டில்
யதுர்சிகா சைக்கிள் ஓடினாள்,
அண்ணன் ஓடி, அக்கா ஓடி, பிறேக் தேய்ந்தபிறகு
இவளுக்கு வந்த சைக்கிள்.
எதிரே ஓர் உடும்பு.
உடும்பு விலகவில்லை.
யது விலகினாள்.

துருசடியில் ‘தொபுக்’.
சைக்கிள் போய்விட்டது. ஒரு செருப்பும் போய்விட்டது.
கணக்குக் கொப்பி மட்டும் கோரைப்புல்லில் தங்கியது.

தண்ணீர் சுழன்றது.
தலையில் பாசி, காதில் அல்லிமொட்டு,
குளத்துக்காரி எழும்பினாள்.
கையில் தங்கச் சைக்கிள்.
“இதுவா உன்ர?”

யது இடுப்பில் கை வைத்தாள்.
“எனக்கு இந்தக் கதை தெரியும்.
நான் இல்லை எண்டு சொல்லவேணும்.
பிறகு வெள்ளியில ஒண்டு கொண்டுவருவியள்.
அதுக்கும் இல்லை எண்டா
மூண்டையும் தருவியள்.
நாலாம் ஆண்டிலயே படிச்சிட்டம்.”

குளத்துக்காரியின் முகம் விழுந்தது.
“எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம்.
விடை தெரிஞ்ச பிள்ளையளிட்ட
உண்மையை எப்பிடிக் கேக்கிறது?”
வெறுத்துப்போய்த்
தங்கச் சைக்கிளைத் தண்ணீரில் போட்டாள்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
ஒரு நீர்க்காகம் செட்டை விரித்துக் காய்ந்தது.

“அப்ப வேற ஒண்டு கேக்கிறன்.”
மூழ்கினாள். வெகுநேரம்.
வந்தபோது இரண்டு கையாலும்
ஒரு தையல் மெசினை ஏந்தியிருந்தாள்.
“இது ஆற்ற?”

யதுவுக்குத் தெரியாது.
அந்தக் கதையில் இது இல்லை.

“கீழ நிறையக் கிடக்கு.
ஆர்மோனியம். பள்ளிக்கூட மணி. பூட்டின இரும்புப் பெட்டி எட்டு.
உழவு மெசினில சனம் போன வருசம்,
இரவிரவா, ‘வந்து எடுப்பம்’ எண்டு
என்னட்ட மெல்லச் சொல்லித்தான் இறக்கினவை.
முகம் தெரியேல்லை. நிலவும் இல்லை.
நீ அப்ப பிறக்கவே இல்லை.”

ஊசிக்குக் கீழே ஒரு சட்டையின் தோள்.
யது குனிந்து பார்த்தாள்.
சிவப்பு, வெள்ளைப் பொட்டு.
நிறம் போகாமல் குளத்துக்காரி காத்திருந்தாள்.

“முதல்ல என்ர சைக்கிளைத் தாங்கோ,
கரியர்ல கட்டவேணும்.”

முதல் வீட்டுக்காரர் படலை திறக்கும் முன்பே
“ஓமோம், எங்கடைதான்” என்றார்.
“ஊசிக்குக் கீழ என்ன நிறம்?”
“… நீலம்.”
யது சைக்கிளைத் திருப்பினாள்.

அடுத்த வீட்டில்
“எங்கடை கால்மெசின், பிள்ளை. இது கைமெசின்” என்று சொல்லி
ஒரு விளாம்பழம் தந்தார்கள். புளி என்றால் அப்படிப் புளி.

பிறகு நாய்கள் மட்டும் இருந்த வீடு.
பிறகு ஒருவருமே இல்லாத வளவு, ஒரு கிணறு, பூவரசு.

சந்தியில் ரெயிலர் கடை.
மங்களேஸ்வரி நூலைப் பல்லால் கடித்தபடி
மெசினைப் பார்த்தார்.
என்னுடையது என்று சொல்லவில்லை.
“இடது கை வைக்கேல்லை, என்ன?” என்றார்.
“வலது கை முடிஞ்சுது.
இடதை எடுக்கேக்க செல் விழத் துடங்கிட்டுது.”

யது கயிற்றை அவிழ்த்தாள்.
“ஆற்ற சட்டை?”
“மூத்தவளுக்கு. இப்ப ஜேர்மனியில,
அவளுக்கே ரெண்டு பிள்ளையள்.”
சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
“கையை நீட்டு பாப்பம்” என்று
அளவுநாடாவை எடுத்தார்.

பொழுதுபடும் நேரம்
கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
‘தையல் மெசின்’, பக்கத்தில் ஒரு சரி.
துருசடியில் கழுத்தளவு தண்ணீரில்
குளத்துக்காரி நின்றாள்,
பள்ளிக்கூட மணியின் நாக்கைப் பிடித்தபடி,
சத்தம் வராமல்.

தங்கச் சைக்கிளா?
அது அடியிலேயே கிடக்கிறது.
கூடைக்குள் விரால் குஞ்சுகள்
ஒளித்துப் பிடித்து விளையாடுகின்றன.